முதல் அடியின் ஏலம்

எங்கள் முன்னோர்களின் ஆசிக்குப் போன ஆண்டு விலை அறுபத்திரண்டாயிரம் ரூபாய். வருடம் ஒருமுறை பங்காளிகள் எல்லாரும் பழைய வீட்டில் கூடி, முன்னோருக்குப் படைப்பு வைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, படைப்பில் வைத்த சேலையை எங்களுக்குள் ஏலம் விட்டுக்கொள்வோம். கடையில் நாலாயிரத்துக்கு எடுத்த சேலைதான். போன ஆண்டு அதை எடுத்தவர் சேலையைப் பார்க்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்து போட்டிக்குக் கேட்டவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏலத்தைக் கூறுவது நான். பெயர் வயிரவன். காரைக்குடியில் இரும்புக்கடை. ஆணியிலிருந்து மண்வெட்டி வரை எடை போட்டு விற்பவன் என்பதால் பங்காளிகளையும் எடை போட்டு வைத்திருப்பேன் என்று ஒரு நம்பிக்கை. தப்பில்லை.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியும்: பெரியநாயகம், எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் தலைவர், மண்வெட்டிக்குப் பாதி விலை கேட்டு முக்கால் விலைக்கு வாங்கிப் போகிறவர். கூட வந்த அம்மா வரைபடச் சுருளும் அச்சடித்த தாள்களும் வைத்திருந்தார்.

"நீங்கதான் பெரிய வளவு வயிரவன் செட்டியாரா சார்?"

"கடன் கேட்டு வந்திருந்தீகன்னா இல்லை. வேற எதுக்குன்னாலும் ஆமா."

அவர் பெயர் ஆரோக்கிய ஷீலா. நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர். சிரிக்காமல் உட்கார்ந்து வரைபடத்தை என் கல்லாமேல் விரித்தார். பொட்டலில் பெய்கிற மழையைக் கண்மாய்க்குக் கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கள் தெருவுக்குப் பின்புறமாக நீலக்கோடாக ஓடியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் கோடு நின்று, ஒரு விரல் தள்ளி மறுபடி தொடங்கியது.

அந்த ஒரு விரல் இடைவெளி எங்கள் மதிற்சுவர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் என் பெரியப்பச்சி மகன் நாச்சியப்ப அண்ணன் கட்டியது. கல்யாணத்துக்கு வருகிற கார்கள் நிற்க இடம் வேண்டுமென்று பின்கொல்லையை நீட்டினார். நீட்டியதில் வாய்க்கால் உள்ளே வந்துவிட்டது. சுவரின் நடுவில் அவர் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. அடியில் ஒரு சிமெண்டுக் குழாயும் இருந்தது. அது எப்போதோ அடைத்துப்போனது.

"முந்தி இந்த மாதிரி வரத்துக்காலுக்குச் சட்டத்துல பேரே கிடையாது சார்," என்றார் ஷீலா. "பெரிய கால்வாயோட நின்னுரும். இப்ப வந்திருக்கிற திருத்தத்துல கண்மாய்க்கு வர்ற கடைசிக் கால் வரைக்கும் சேர்த்துட்டாக. அடைச்சா அபராதம். அகலத்தைக் குறைச்சாலும் அபராதம்."

"நல்ல சட்டம்தானே. அதுக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?"

"கூட்டு உரிமைச் சொத்தா இருந்தா ஒவ்வொரு உரிமையாளருக்கும் நோட்டீஸ் குடுக்கணும். ஒவ்வொருத்தருக்கும் அறுபது நாள். எல்லாரையும் விசாரிச்ச பிறகுதான் சுவர்ல கை வைக்கலாம். அதுவும் இதே திருத்தத்துலதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஒரு சுவர், அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று மனத்தில் வைத்திருப்பார். செட்டிநாட்டு வீட்டை எட்டிப் பார்த்ததில்லை. எங்களில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. பெரிய வளவு என்கிற எங்கள் பழைய வீட்டுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. காரைக்குடியில் இருப்பவர்கள் போக மீதிப்பேர் சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா.

"நோட்டீஸ் அனுப்பினீகளா?"

"அனுப்பினேன். பாதி திரும்பி வந்துருச்சு. ஹூஸ்டன்ல இருந்து ஒருத்தர், 'வர இயலவில்லை, விழா சிறக்க வாழ்த்துகள்'னு பதில் போட்டிருக்கார்."

"அது எங்க சின்னத் தம்பி. எந்தக் காகிதத்தையும் பாதிக்கு மேல படிக்க மாட்டான்."

பெரியநாயகம் அதுவரை என் கடையின் மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், பட்டியல் விஷயத்தைச் சொல்லுங்க," என்றார்.

ஷீலா கடைசித் தாளைத் திருப்பினார். திருத்தத்தின்படி எல்லா வாய்க்கால்களையும் ஒரு பட்டியலில் ஏற்றிக் காக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் இந்த மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடாத வாய்க்கால் 'பயன்பாட்டில் இல்லாதது' என்று விடுபடும். விடுபட்டால் அப்புறம் அது வெறும் நிலம்.

"வெறும் நிலம்னா என்ன தெரியுமா செட்டியாரே?" என்றார் பெரியநாயகம். "மூணு வருஷத்துல பிளாட்டு. ரெண்டு வருஷமா கண்மாயில முழங்கால் தண்ணி நிக்கலை. நாத்து விடலை. இந்த மழைக்கும் வரலைன்னா இனி என்னைக்கும் வராது. ஊர்ல அறுபது வீடு என்னையப் பார்க்குது. நான் இவுகளப் பார்க்குறேன். இவுக இந்தக் காகிதத்தப் பார்க்குறாக."

"இப்ப நான் யாரைப் பார்க்கணும்?"

"உங்க பங்காளிகளத்தான்."

எனக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நாங்களே கேட்டுப் பழகியவர்கள்தான், கோபமில்லை. நடவு நடந்தால்தான் மண்வெட்டி விற்கும். பிளாட்டு போடுகிறவன் என்னிடம் வாங்குவது கம்பி வேலி. அதுவும் ஒரு தடவைதான்.

தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன். கடன் பத்திரத்தைப் படிப்பதுபோலக் கடைசிப் பக்கத்திலிருந்து மேலே படித்துப் போனேன். எழுதுகிறவன் கொடுப்பதை எப்போதும் மேலே எழுதுவான், வாங்கிக்கொள்வதைக் கீழே எழுதுவான். நடுவில் ஒரு உட்பிரிவு கிடைத்தது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அதிகாரி முன்னிலையில் தாமே தடையை அகற்றத் தொடங்கி, மற்றவர்கள் ஏழு நாளுக்குள் ஆட்சேபம் எழுதித் தராவிட்டால், அது எல்லாருடைய சம்மதமாகவும் கொள்ளப்படும். நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம், அபராதமும் இல்லை.

மறுநாள் ஷீலாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"படிச்சிருக்கேன் சார். அப்ப நீங்களே வந்து இடிச்சிருங்களேன். நீங்களும் ஒரு புள்ளிதானே?"

"நான் இடிச்சா ஏழாவது நாள் ஆட்சேபம் வந்துரும்மா. யார் போடுவான்னுகூடத் தெரியும். அவனே இடிச்சாத்தான் போட ஆள் இருக்காது."

அவன் என்பது சோலையப்பன். நாச்சியப்ப அண்ணனின் மகன், சென்னையில் ஆடிட்டர். கெட்டவன் இல்லை. அப்பச்சி என்று அவன் அழைக்கும் அப்பாவின் பெயரை வெட்டிய ஒரே கல் அந்தச் சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான். வளவின் வாட்ஸ்அப் குழுவில் நான் விஷயத்தைப் போட்டேன். வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சு: 'எல்லாருக்கும் சம்மதம்னா எனக்கும் சம்மதம்.' யாருக்கும் மறுப்பில்லை. யாரும் முதல் ஆளாக இல்லை. சோலையப்பன் மட்டும் வேறு எழுதினான்: 'அப்பச்சி கட்டிய சுவர். சட்டப்படி எல்லாருக்கும் நோட்டீஸ் வரட்டும், பார்ப்போம்.' அறுபது நாள் கணக்கு அவனுக்கும் தெரியும்.

சும்மா கேட்டால் எங்கள் ஆட்கள் தரமாட்டார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். விலை சொல்லாத பொருளை எங்களுக்கு மதிக்கத் தெரியாது.

ஆவணியில் படைப்பு வந்தது. இருபத்தொன்பது புள்ளி நேரில், மூன்று புள்ளி போன் திரையில். படைப்பு முடிந்து, பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த பிறகு ஷீலா வந்தார். சுவரைப் பார்க்க வந்த அதிகாரி என்று எல்லாருக்கும் சொன்னேன். பாயசம் கொடுத்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். பெரியநாயகம் வெளியே, பின்சுவருக்கு அந்தப்பக்கம் நின்றார். பங்காளி காரியத்தில் அவர் உள்ளே வரமாட்டார், நானும் அழைக்கவில்லை.

சேலை ஏலம் போனது. வேட்டியும் போனது. ஜனம் எழுந்திருக்கப் பார்த்தது.

"உட்காருங்க, இன்னொரு பொருள் இருக்கு," என்றேன்.

கடையிலிருந்து கொண்டுவந்த புதுக் கடப்பாரையை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தேன். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் நூல் சுற்றியிருந்தேன்.

"என்னடா இது, கடப்பாரைக்குக் கல்யாணமா?" என்றார் சாலா ஆச்சி. காலமான என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. பின்கட்டு அவர் பங்கு. குழாய் அடைத்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் தண்ணீர் போக வழியில்லாமல் அவர் சமையலறைக்குள் வந்து திரும்பிப் போகிறது.

"பின்சுவர்ல முதல் அடி, ஆச்சி. இன்னைக்கு அதிகாரி முன்னால யார் முதல் அடி அடிக்கிறதுங்கிறது ஏலம். எடுத்தவுக பேரை வளவு விளக்குக்கு முன்னால வாசிப்பேன். நூத்தியொரு ரூபாயில ஆரம்பிக்கிறேன்."

ஆளாளுக்குக் கடப்பாரையை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கோவைக்காரர் ஒருவர் விளையாட்டாக, "ஐநூத்தியொண்ணு," என்றார். அவர் கேட்டதும் அவருடைய சகலை ஆயிரத்தொன்று கேட்டார். இரண்டு பேருக்கும் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும்.

"சிங்கப்பூர் ஐயாயிரத்தொண்ணு," என்றது ஒரு போன்.

"சிங்கப்பூர் எப்படி வந்து அடிக்கும்?"

"என் சார்பா வயிரவண்ணன் அடிக்கட்டும். வீடியோ மட்டும் சரியா எடுக்கணும்."

சோலையப்பன் தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

"பத்தாயிரத்தொண்ணு," என்றார் சாலா ஆச்சி.

"அரைப்புள்ளி முழு வேகத்துல போகுதே," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"புள்ளிதான் அரை. பணம் முழுப்பணம்," என்றார் ஆச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். "வயிரவா, சுவர்ல எந்த இடத்துல அடிக்கிறதுங்கிறது எடுத்தவுக இஷ்டம்தானே?"

"இஷ்டம்தான் ஆச்சி."

"அப்ப பேரு வெட்டின கல்லுலயே ஆரம்பிச்சிர்றேன். இத்தனை வருஷமா அடுப்படியில நின்னு அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

இதை நான் ஆச்சியிடம் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

"இருபதாயிரத்தொண்ணு," என்றான் சோலையப்பன். போனைப் பைக்குள் வைத்துவிட்டான்.

"முப்பது," என்றார் கோவைக்காரர்.

"நாற்பது," என்றார் ஆச்சி.

கோவைக்காரரும் சகலையும் விலகிக்கொண்டார்கள். சிங்கப்பூர் இணைப்பு அறுந்துபோனது, அல்லது அறுத்துக்கொண்டார்கள். ஆச்சியும் சோலையப்பனும் மட்டும் ஐயாயிரம் ஐயாயிரமாக ஏறினார்கள். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தொகையையும் இரண்டு தடவை சொல்லி, அடுத்தவர் மூச்சு விட இடம் கொடுத்தேன்.

"எழுபதாயிரத்தொண்ணு," என்றார் ஆச்சி.

"எழுபத்தையாயிரத்தொண்ணு."

ஆச்சி என்னைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "அவுக அப்பச்சி பேரு. அவனே எடுத்துக்கிறட்டும்," என்றார்.

மூன்று தரம் சொல்லி முடித்தேன். சோலையப்பன் எழுந்து வந்து கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டான். இப்போதுதான் அவன் முகத்தில் ஆடிட்டர் தெரிந்தான்.

"எடுத்தாச்சு. இது என் கார்ல வருது. எப்ப அடிக்கணும்னு ஏலத்துல யாரும் சொல்லலையே சித்தப்பா. வேற யாரும் இனி முதல் அடி அடிக்க முடியாது. அவ்வளவுதானே?"

நினைத்தபடிதான். பூட்டை வாங்குவதாக நினைத்துத்தான் அவன் கேட்டான். அதற்காகத்தான் நானும் விட்டேன்.

"கடப்பாரையை இறக்கு தம்பி. அது என் கடைச் சரக்கு, விலை தனி. உனக்கு விழுந்தது அடி. படைப்புல விழுந்த பொருளை விளக்கு மலையேறுறதுக்குள்ள கைக்கொள்ளணும். இல்லைன்னா அடுத்துக் கேட்டவுகளுக்குப் போகும். முந்தின வருஷம் போன் பேச வெளியில போன நம்ம கருத்தான், வேட்டியை விட்டான்ல. மறந்துட்டியா?"

கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. வேட்டியை விட்டவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

சோலையப்பன் விளக்கைப் பார்த்தான். எண்ணெய் அடியில் இருந்தது. அடுத்துக் கேட்டவர் ஆச்சி. ஆச்சி எங்கே அடிப்பார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் பின்கொல்லைக்குப் போனோம். ஷீலா முன்னால் நின்றார். சோலையப்பன் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். கல்லில் 'நாச்சியப்பன் உபயம்' என்ற எழுத்துக்குள் கரும்பாசி படிந்திருந்தது. கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டான், தூக்கவில்லை. விலை ஏற்றத் தெரிந்த அளவுக்கு இந்த இடத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப்பக்கத்திலிருந்து பெரியநாயகத்தின் குரல் வந்தது. "தம்பி சோலையப்பனா நிக்கிறது?"

"ஆமா. நீங்க யாரு?"

"கண்மாய்க்காரன். பெரியநாயகம். அப்பச்சி இந்தச் சுவர் கட்டயில நான் இங்க சித்தாள் வேலை பார்த்தேன். கொத்தனார் குழாய் வேண்டாம்னு சொன்னாரு. அப்பச்சிதான் கேட்கலை. 'தண்ணி போகாம எப்படிய்யா'ன்னு குழாய் வாங்க அவுகளே காரைக்குடிக்குப் போனாக. பெரிய குழாய் கிடைக்கலை. கிடைச்சதை வச்சாக. மண்ணு வந்து அடைச்சதுக்கு அவுக என்ன செய்வாக?"

சோலையப்பன் குனிந்து சுவரடியில் அடைத்துக்கிடந்த குழாயைப் பார்த்தான்.

"தண்ணி போகணும்னுதான் அவுகளும் நினைச்சாக தம்பி. குழாய் சின்னதாப் போச்சு. அம்புட்டுத்தான்."

அது நடந்ததா, அந்த நேரத்துக்குப் பிறந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நடந்திருக்கலாம். ஆனால் நான் ஒரு மணி நேரம் ஏலம் கூறி ஏற்றிய இடத்திலிருந்து, அவர் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் நின்று அவனை இறக்கிவிட்டார். மண்வெட்டிக்கு அவர் கேட்கிற விலையை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

"உளி இருக்கா சித்தப்பா?" என்றான் சோலையப்பன்.

இரும்புக்கடைக்காரன் வண்டியில் உளி இல்லாமல் வருவானா? கொடுத்தேன். அவன் சட்டையைக் கழற்றிக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டுக் கல்லைச் சுற்றிப் பூச்சைத் தட்டித் தட்டி எடுத்தான். பழக்கமில்லாத கை, விரலிலும் பட்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை, போகவும் கூடாது. கல் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நெஞ்சோடு அணைத்து வெளியே எடுத்தான். அது இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையில் பெரியநாயகத்தின் முகம்.

"மேடம், அப்பச்சி கல்லை நான் எடுத்துட்டேன்," என்றான் சோலையப்பன். "இதையே முதல் அடின்னு எழுதிக்கங்க."

ஷீலா எழுதிக்கொண்டார்.

"சட்டப்படி இது போதுமாம்மா?" என்றேன்.

"தடையை அகற்றத் தொடங்கினாப் போதும்னுதான் சார் போட்டிருக்கு. எதை வச்சுன்னு போடலை."

ஆச்சி வந்து கல்லை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். முந்தானையால் எழுத்துக்குள்ளிருந்த பாசியைத் துடைத்துவிட்டு, "சாப்பாட்டு அறைப் பக்கம் வை. ராத்திரிக்குள்ள நல்லாத் தேய்ச்சுத் தரேன்," என்றார்.

ஏழு நாள் போயிற்று. யாரும் ஆட்சேபம் எழுதவில்லை. எழுதினால் சோலையப்பனை எதிர்த்து எழுத வேண்டும். எழுபத்தையாயிரம் கொடுத்து அடித்தவனை எதிர்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? எட்டாவது நாள் ஜேசிபி வந்தது. ஐப்பசி இரண்டாவது மழையில் பொட்டல் தண்ணீர் செம்மண் நிறத்தில் எங்கள் கொல்லையைத் தாண்டி ஓடியது. ஆச்சியின் சமையலறைக்குள் வரவில்லை. ஷீலா குடையோடு வந்து பார்த்துப் பட்டியலில் ஏற்றினார்; எங்கள் வரத்துக்காலுக்கு இப்போது ஒரு எண் இருக்கிறது. கார்த்திகையில் கண்மாய் நிரம்பி, உபரி நீர் போகும் கலுங்கு வழிந்தது. பெரியநாயகம் நாற்று விட்டார். விட்டுவிட்டுக் கடைக்கு வந்து நாலு மண்வெட்டிக்குப் பாதி விலை கேட்டார்.

இனிக் கணக்கு. பங்காளிகளுக்கு அனுப்பியதை அப்படியே தருகிறேன்.

முதல் அடி ஏலம், சோலையப்பன் பேரில்: எழுபத்தையாயிரத்து ஒன்று. ஜேசிபி வாடகை ஆறாயிரத்து ஐநூறு. மண் அள்ளிய ஆட்களுக்குப் பன்னிரண்டாயிரம். பின்வாசலிலிருந்து வாய்க்காலைத் தாண்டக் கல் பாலம், முப்பத்தெட்டாயிரம். பெரியநாயகம் சங்கத்துக்குக் கண்மாய் மடைக்குப் புதுப் பலகை, பதினெட்டாயிரத்து ஐநூறு. ஆகச் செலவு எழுபத்தையாயிரம்.

சோலையப்பன் தீபாவளிக்கு முன்பே போனில் பணம் அனுப்பினான். எழுபத்தையாயிரம். அந்த ஒன்றை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். ஆடிட்டர் மறப்பானா சித்தப்பா, அடுத்த படைப்புக்கு நேரில் வந்து தருகிறேன் என்றான்.

வரவேண்டியது: ஒரு ரூபாய்.